ஓடும் மெயின்ஃபிரேமுக்கு எந்தப் பதிவேடு சொந்தம்? பேட்ச் போடுமுன் தீர்க்க வேண்டிய கேள்வி

அட்டைப் பரிவர்த்தனைகளைக் கையாளும் நிறுவனங்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் விதிமுறை, ஆபத்து மிகுந்த பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பேட்ச்களை அவை வெளிவந்து ஒரு மாதத்துக்குள் போட்டுவிடச் சொல்கிறது. கணக்காய்வாளர் வந்து "போட்டாயிற்றா?" என்று கேட்கிறார். மெயின்ஃபிரேம் பிரிவினர் எஸ்எம்பி/ஈ பதிவேட்டைத் திறந்து, அந்த பேட்ச்சுக்கு நேரே "அப்ளை" ஆன திகதி இருப்பதைப் பார்த்து, ஆம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தப் பதில் சரியாக இருக்கலாம். ஆனால் அவர்கள் பார்த்தது பதிவேட்டை மட்டும்தான். இயந்திரத்தில் இந்த நிமிடம் எது ஓடுகிறது என்பதை யாரும் பார்க்கவில்லை.

கொழும்பில் இருந்துகொண்டு லண்டனிலோ மெல்பேர்ணிலோ உள்ள இயந்திரத்தைப் பராமரிப்பவர்களுக்கு இது கூடுதலான சிக்கல். முன்பு பொறுப்பில் இருந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்து போயிருப்பார்கள். கையளிப்பு ஆவணத்தில் சோன் (பதிவேட்டின் உட்பிரிவு) பெயர்கள் சில இருக்கும். டிஸ்க்கில் தேடினால் அதைவிட மூன்று மடங்கு பதிவேடுகள் கிடைக்கும். அவற்றில் எது ஓடும் சிஸ்டத்தின் பதிவேடு என்று நிரூபிக்காமல் பேட்ச் போடத் தொடங்கக் கூடாது. எப்படி நிரூபிப்பது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சொற்கள்

ஐபிஎம் மெயின்ஃபிரேமின் இயங்குதளம் ஸெட்/ஓஎஸ். அதில் மென்பொருளை நிறுவுவதும் திருத்துவதும் எஸ்எம்பி/ஈ என்ற கருவியின் வேலை. அது எழுதி வைக்கும் பதிவேட்டுக்கு சிஎஸ்ஐ என்று பெயர். சிஎஸ்ஐ, விசாம் என்ற மெயின்ஃபிரேம் கோப்பு வகையைச் சேர்ந்தது. அதன் பெயரின் கடைசித் துண்டு கட்டாயம் "சிஎஸ்ஐ" என்றே முடிய வேண்டும். தேடும்போது இந்த விதி பெரிய உதவி.

சிஎஸ்ஐக்குள் மூன்று வகைச் சோன்கள் உண்டு. குளோபல் சோன் என்பது பொருளடக்கம்: மற்றச் சோன்கள் எந்தெந்தக் கோப்பில் இருக்கின்றன என்ற அட்டவணையும், பெறப்பட்ட பேட்ச்களின் விவரமும் அங்கே இருக்கும். டார்கெட் சோன், ஓடுவதற்குரிய லைப்ரரிகளை, அதாவது நிரல்கள் இருக்கும் கோப்புகளை, விவரிக்கிறது. டிலிப் சோன், பின்வாங்க நேர்ந்தால் எடுத்துப் போடுவதற்கான மூலப் பிரதிகளை விவரிக்கிறது.

பேட்ச்சின் பெயர் பிடிஎஃப். ஏழு எழுத்துகள் கொண்ட ஓர் எண் அதற்கு உண்டு. மென்பொருளின் ஒவ்வொரு பெரும் பகுதிக்கும் எஃப்எம்ஐடி என்ற அடையாளம் உண்டு: ஸெட்/ஓஎஸ் 2.5 இன் அடித்தளப் பகுதிக்கு எச்பிபி77டி0, 3.1 இன் அடித்தளத்துக்கு எச்பிபி77ஈ0. சிறிய துண்டுதான் மொடியூல். பல மொடியூல்கள் சேர்ந்து கட்டப்படுவது லோட் மொடியூல். ஒரு மொடியூலைக் கடைசியாக முழுதாக மாற்றிய பிடிஎஃப் எது என்பதை டார்கெட் சோன் ஆர்எம்ஐடி என்ற இடத்தில் எழுதி வைக்கும். இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரப்போவது இந்த ஆர்எம்ஐடிதான்.

கடைசியாக டிடிடெஃப். "லிங்க்லிப் என்றால் இந்தக் கோப்பு, இந்த டிஸ்க்" என்று சோனுக்குச் சொல்லும் முகவரிச் சீட்டு அது. ஒரு சோன் எந்த டிஸ்க்கைத் தொடப்போகிறது என்பதைத் தீர்மானிப்பது சோனின் பெயரல்ல, இந்தச் சீட்டுத்தான்.

பதிவேடும் ஓடுவதும் ஏன் பிரிகின்றன

சிஎஸ்ஐக்கும் லைப்ரரிகளுக்கும் இடையில் இயல்பான பிணைப்பு எதுவும் கிடையாது. எஸ்எம்பி/ஈ மூலம் செய்த மாற்றம் மட்டுமே இரண்டிலும் பதியும். வேறு எந்த வழியாக எது நடந்தாலும் ஒன்று மாறும், மற்றது மாறாது. அடிக்கடி நடப்பவை:

1. சிஸ்டம் டிஸ்க்கை, அதாவது சிஸ்ரெஸ் வொல்யூமை, டிஎஸ்எஸ் என்ற டிஸ்க் கொப்பிக் கருவியால் (மேலே வந்த பிசிஐ டிஎஸ்எஸ் வேறு) கொப்பி எடுத்துவிட்டு, சோனைக் கொப்பி எடுக்க மறந்துவிடுவது. ஒரே சோன் இரண்டு டிஸ்க்குகளையும் விவரிப்பதுபோல் தோன்றும். அடுத்த பேட்ச்சோடு அது ஒன்றுக்குப் பொய்யாகிவிடும்.

2. சோனைக் கொப்பி எடுத்தும் டிடிடெஃப்களைத் திருத்தாமல் விடுவது. இருப்பவற்றில் மிக ஆபத்தானது இது. புதிய சோனின் பெயர் "பி" என்றிருக்கும். சீட்டுகளோ இன்னும் "ஏ" டிஸ்க்கைக் காட்டும். "பி"யில் போடுகிறோம் என்று நம்பிப் போட்ட பேட்ச், ஓடிக்கொண்டிருக்கும் "ஏ"யில் விழும்.

3. டிடிடெஃப்பில் வொல்யூம் பெயரே எழுதப்படாமல் இருப்பது. அப்போது, எந்தக் கோப்பு எந்த டிஸ்க்கில் என்று சொல்லும் கேட்டலொக் எந்த டிஸ்க்கைக் காட்டுகிறதோ அங்கே போகும். சிஸ்டம் லைப்ரரிகள் பெரும்பாலும் மறைமுகமாக, அதாவது நிலையான வொல்யூம் பெயர் இல்லாமல், கேட்டலொக் செய்யப்பட்டிருப்பதால் அது இப்போது ஐபிஎல் (சிஸ்டத்தை ஏற்றித் தொடக்குவது) ஆகியிருக்கும் டிஸ்க்காகவே இருக்கும். விளைவு முன்னையதேதான்.

4. டிஸ்க்கைப் பழைய பேக்அப்பிலிருந்து மீட்டு, சிஎஸ்ஐயை மீட்காமல் விடுவது. பதிவேடு முன்னே போய்விடும், லைப்ரரி பின்தங்கிவிடும்.

5. அவசரத்துக்கு ஒரு மொடியூலை நேரடியாக ஸாப் செய்வது, அதாவது அதன் பைட்டுகளையே மாற்றுவது, அல்லது வேறு லைப்ரரியில் கொப்பி செய்து லிங்க்லிஸ்ட்டில் (சிஸ்டம் நிரல்களைத் தேடும் லைப்ரரி வரிசை) முன்னே வைப்பது. பதிவேட்டுக்கு இது தெரியவே தெரியாது.

6. அப்ளை முடிந்தும் நினைவகத்தில் பழையதே ஓடுவது. இது பிழையல்ல, ஸெட்/ஓஎஸ் இன் இயல்பு. ஆனாலும் கணக்காய்வாளரிடம் தவறான பதில் போவதற்கு இதுவே முக்கிய காரணம் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

இயங்குதளத்தின் மையக்கருவான நியூக்ளியஸ் ஐபிஎல் நேரத்தில் மட்டுமே ஏறும். எல்பிஏ எனப்படும் பொதுப் பகுதி, சிஎல்பிஏ என்ற தெரிவோடு ஐபிஎல் செய்தால்தான் லைப்ரரியிலிருந்து புதிதாகக் கட்டப்படும். அந்தத் தெரிவு இல்லாமல் ஐபிஎல் செய்தால் டிஸ்க்கில் உள்ள பேஜ் டேட்டாசெட்டில் (நினைவகப் பக்கங்களைச் சேமிக்கும் கோப்பு) இருக்கும் பழைய எல்பிஏயே திரும்ப எடுக்கப்படும். ஆக, லைப்ரரி புதிது, ஐபிஎல்லும் அதற்குப் பின் நடந்தது, இருந்தும் எல்பிஏ பழையது என்ற நிலை சாத்தியம். லிங்க்லிஸ்ட் லைப்ரரிகளின் உள்ளடக்க விவரத்தை எல்எல்ஏ என்ற சிஸ்டம் சேவை நினைவில் வைத்திருக்கும். அதை ரிஃப்ரெஷ் செய்யும்வரை பழைய பிரதியையே எடுத்துக் கொடுக்கும். ஏற்கெனவே தொடங்கி ஓடிக்கொண்டிருக்கும் அட்ரஸ் ஸ்பேஸ் (ஒரு வேலைக்குரிய தனி நினைவகப் பரப்பு), தான் ஏற்றி வைத்த மொடியூலை மறுதொடக்கம் வரை விடாது.

திசை முக்கியம்: ஓடுவதிலிருந்து பின்னோக்கி

பலரும் சிஎஸ்ஐயிலிருந்து தொடங்குகிறார்கள். பெயரில் "புரொட்" என்று உள்ள சோனைத் திறந்து, அதுதான் புரொடக்ஷன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெயர் வைத்தவர் எண்ணியது அது. இன்றைய நிலை அதுவாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. தேடல் மறுமுனையிலிருந்து வர வேண்டும்: நினைவகம், அதிலிருந்து டிஸ்க், அதிலிருந்து சோன். ஒவ்வோர் எல்பாரிலும், அதாவது ஒரே இயந்திரத்தைப் பிரித்து ஓட்டும் ஒவ்வொரு சிஸ்டத்திலும், தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒரே சிஸ்பிளெக்ஸில் (சேர்ந்து இயங்கும் சிஸ்டங்களின் கூட்டு) இருக்கும் இரண்டு எல்பார்கள் இரண்டு வேறு சிஸ்ரெஸ்ஸிலிருந்து வந்திருப்பது சர்வசாதாரணம்.

1. டிஸ்பிளே ஐபிஎல்இன்ஃபோ கட்டளையைக் கொடுங்கள். ஐபிஎல் நடந்த நேரம், ஸெட்/ஓஎஸ் வெளியீடு, பயன்பட்ட லோட் மெம்பர் (தொடக்க அமைப்புக் குறிப்பு), ஐபிஎல் டிஸ்க்கின் முகவரி, வொல்யூம் பெயர் எல்லாம் வரும். டிஸ்க் முகவரியில் "ஒரிஜினல்", "கரண்ட்" என்று இரண்டு இருக்கும். ஹைப்பர்ஸ்வொப், அதாவது ஓடும்போதே இரட்டைப் பிரதி டிஸ்க்குக்கு மாறுவது, நடந்திருந்தால் இரண்டும் வேறாக இருக்கும். அது கவலைக்குரியதல்ல, வொல்யூம் பெயரைக் குறித்துக்கொண்டால் போதும்.

2. டிஸ்பிளே சிம்பல்ஸ். சிம்பல் என்பது ஒரு மதிப்புக்குச் சிஸ்டம் வைக்கும் பெயர்; சிஸ்ஆர்1 என்ற சிம்பல் ஐபிஎல் வொல்யூமைக் குறிக்கும். மென்பொருள் இரண்டாவது, மூன்றாவது டிஸ்க்குகளுக்கும் பரவியிருந்தால் அவற்றுக்கான சிம்பல்களையும் குறியுங்கள். முதலாவது டிஸ்க் புதிய தொகுதியும் இரண்டாவது பழைய தொகுதியுமாகக் கலந்து கிடப்பதை இந்த இடத்தில்தான் கண்டுபிடிக்கலாம்.

3. டிஸ்பிளே ப்ரொக் கட்டளையில் லிங்க்லிஸ்ட்டைக் கேளுங்கள். ஒவ்வொரு லைப்ரரியும் எந்த வொல்யூமில் இருக்கிறது என்று வரிசையாக வரும். சிஸ்ரெஸ்ஸுக்கு வெளியே உள்ளவற்றை அடையாளமிடுங்கள். சிஸ்1.லிங்க்லிப்புக்கு மேலே யாராவது தனி லைப்ரரி வைத்திருந்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

4. இப்போது சிஎஸ்ஐகளைத் தேடுங்கள். கேட்டலொக்கில் மட்டும் தேடினால் போதாது. டிஸ்க்குகளின் உள்ளடக்கப் பட்டியலிலும் தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு குளோபல் சோனிலும் லிஸ்ட் குளோபல்சோன் ஓட்டி, அதன் அட்டவணையில் உள்ள டார்கெட் சோன்கள், அவை இருக்கும் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பெயருள்ள டார்கெட் சோன் இரண்டு கோப்புகளில் இருந்தால் சிவப்பு மையால் வட்டமிடுங்கள்.

5. ஒவ்வொரு டார்கெட் சோனிலும் லிஸ்ட் டிடிடெஃப். முதல் மூன்று படிகளில் குறித்த வொல்யூம்களோடு ஒப்பிட்டால் பெரும்பாலான சோன்கள் இங்கேயே விலகிவிடும். வொல்யூம் எழுதப்படாத டிடிடெஃப்களைத் தனியாகக் குறியுங்கள்.

இந்த ஐந்தும் முடியும்போது வழக்கமாக இரண்டு அல்லது மூன்று சோன்கள் மிஞ்சும். அவற்றில் எது உண்மையானது என்பதை முகவரிச் சீட்டு சொல்லாது. லைப்ரரியின் உள்ளடக்கம்தான் சொல்லும்.

வேறுபடுத்தும் மொடியூல்கள்

சிஸ்டத்தில் உள்ள பல்லாயிரம் மொடியூல்களையும் ஒப்பிடத் தேவையில்லை. எழுந்தமானமாக இருபதை எடுப்பதும் பிரயோசனமற்றது. இரண்டு சோன்களிலும் ஒரே நிலையில் உள்ள மொடியூல் பத்தாயிரம் பொருந்தினாலும் எந்தச் சோன் சரி என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. தேவையானவை, இரண்டு சோன்களும் ஒன்றுக்கொன்று முரண்படும் மொடியூல்கள் மட்டுமே.

அவற்றை எடுக்க ரிப்போர்ட் சிஸ்மொட்ஸ் என்ற கட்டளை இருக்கிறது (பிடிஎஃப் போன்ற மாற்றங்களுக்குப் பொதுப்பெயர் சிஸ்மொட்). ஒரு சோனில் உள்ளதும் இன்னொன்றில் இல்லாததுமான பிடிஎஃப்களை அது பட்டியலிடும். இரு திசையிலும் ஓட்ட வேண்டும்: "ஏ"யில் இருந்து "பி"யில் இல்லாதவை, "பி"யில் இருந்து "ஏ"யில் இல்லாதவை. இரண்டு சோன்களும் ஒரே குளோபல் அட்டவணையில் இல்லையென்றால், இரண்டின் லிஸ்ட் சிஸ்மொட் வெளியீட்டையும் வரிசைப்படுத்தி ஒப்பிடலாம்.

அந்தப் பட்டியலிலிருந்து ஐந்தாறு பிடிஎஃப்களைத் தெரிவு செய்யுங்கள். எல்லாம் ஒரே நாளில் போட்டவையாக இருக்க வேண்டாம். நியூக்ளியஸ், எல்பிஏ, லிங்க்லிஸ்ட் மூன்றுக்கும் ஒவ்வொன்றாவது இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் இந்தச் சங்கிலியைப் பின்தொடருங்கள்:

1. லிஸ்ட் சிஸ்மொட்: இந்த பிடிஎஃப் எந்த மொடியூல்களைக் கொண்டுவந்தது?
2. லிஸ்ட் மொட்: அந்த மொடியூலுக்கு "ஏ" சோனில் ஆர்எம்ஐடி என்ன, "பி" சோனில் என்ன? பிறகு வந்த இன்னொரு பிடிஎஃப் இரண்டிலும் அதையே மாற்றியிருந்தால் இந்த மொடியூல் உதவாது; வேறொன்றை எடுங்கள்.
3. அதே பட்டியலில் அது எந்த லோட் மொடியூலில் சேர்கிறது என்று பாருங்கள்.
4. லிஸ்ட் எல்மொட்: அந்த லோட் மொடியூல் எந்த லைப்ரரியில்?
5. ஐபிஎல் வொல்யூமில் உள்ள அந்த லைப்ரரியை, வொல்யூம் பெயரை வெளிப்படையாகக் கொடுத்து, திறந்து பாருங்கள். கேட்டலொக் வழியாகத் திறக்க வேண்டாம்.

லைப்ரரியில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மொடியூலின் தொடக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் அடையாள வரி. ஐபிஎம் மொடியூல்கள் பலவற்றில் மொடியூல் பெயர், திகதி, எஃப்எம்ஐடி அல்லது பிடிஎஃப் எண் அங்கே கண்ணுக்குத் தெரியும். அது ஒரு சோனின் ஆர்எம்ஐடியோடு ஒத்து மற்றதோடு முரண்பட்டால் அந்த மொடியூலைப் பொறுத்தவரை கேள்வி தீர்ந்தது. எல்லா மொடியூலிலும் இந்த வரி இருக்காது என்பதால்தான் ஐந்தாறு எடுக்கச் சொல்கிறோம்.

மற்றது, ஏஎம்பிலிஸ்ட் கருவியின் லிஸ்ட்ஐடிஆர் வெளியீடு. லோட் மொடியூல் எந்த நாளில் பைண்டரால் (மொடியூல்களை இணைக்கும் கருவி) கட்டப்பட்டது என்பதும், ஏஎம்ஏஸ்பிஸாப் கொண்டு யாராவது நேரடியாகத் தொட்டிருந்தால் அதன் தடயமும் அதில் இருக்கும். சோனில் உள்ள அப்ளை திகதியும் பைண்டர் திகதியும் ஒரே நாளாக இருந்தால் வலுவான சான்று. சோனில் திகதி 25.098 என்பதுபோல் இருக்கும்: 2025ஆம் ஆண்டின் 98ஆவது நாள், அதாவது ஏப்ரல் 8. சாதாரணமாகக் கொப்பி செய்யும்போது பைண்டர் திகதி மாறாது என்பதை நினைவில் வையுங்கள். டிஸ்க் எப்போது கொப்பியானது என்பதை அது சொல்லாது. மொடியூல் எப்போது கட்டப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும்.

இவ்வளவும் டிஸ்க்கைப் பற்றியது. நினைவகத்துக்கு வர, எல்பிஏ மொடியூலின் பெயரைக் கொடுத்து டிஸ்பிளே ப்ரொக் எல்பிஏ கேட்டால் அது ஏறியிருக்கும் முகவரியும் நீளமும் வரும். அந்த முகவரியில் அடையாள வரியைப் பார்க்க முடிந்தால் அதுவே நேரடிச் சான்று. பார்க்க வழியில்லாவிட்டால் பைண்டர் திகதியை ஐபிஎல் நேரத்தோடு ஒப்பிடுங்கள். மொடியூல் கட்டப்பட்டது ஐபிஎல்லுக்குப் பின் என்றால், யாரும் தனியாக அதை ஏற்றியிராதவரை, ஓடுவது பழையது. முன்பு என்றால் புதியது ஓடக்கூடும். சிஎல்பிஏ தெரிவு இருந்ததா என்று பார்த்த பின்பே உறுதி.

நேரங்களை ஒப்பிடும்போது கொழும்பு நேரத்தைக் கலந்துவிடாதீர்கள். சோனிலும் ஐபிஎல் வெளியீட்டிலும் வருவது அந்தச் சிஸ்டத்தின் உள்ளூர் நேரம். கோடைகாலத்தில் லண்டனில் ஞாயிறு அதிகாலை 1 மணி, நமக்கு 5.30. குளிர்காலத்தில் அதே 1 மணி நமக்கு 6.30. நம் பக்கத்து மாற்றப் பதிவில் கொழும்பு நேரம் எழுதியிருந்தால், எந்த நேரம் என்று பக்கத்திலேயே குறித்திருக்க வேண்டும்.

யுனிக்ஸ் பகுதியை மறக்க வேண்டாம்

ஸெட்/ஓஎஸ் இன் ஒரு பகுதி ஸெட்எஃப்எஸ் கோப்பு முறைமைகளில் இருக்கிறது. டிஸ்பிளே ஓஎம்விஎஸ் கட்டளையில் மவுண்ட் ஆகியுள்ள கோப்பு முறைமைகளைக் கேட்டு, சிஸ்ரெஸ்ஸுக்குரிய தொகுதிதானா என்று சரிபாருங்கள். சோனின் பாத் டிடிடெஃப்கள் பராமரிப்புக்கான தனி மவுண்ட் பொயின்ட்டைக் காட்ட வேண்டும். அவை ரூட்டையே நேரடியாகக் காட்டினால் அப்ளை ஓடும் கோப்பு முறைமையில் விழும். லைப்ரரிகளுக்குச் சொன்ன அதே ஆபத்துத்தான்.

கிடைக்கும் விடையும் அடுத்து செய்வதும்

எல்லா மொடியூலும் ஒரு சோனோடு பொருந்தினால் அதுவே பதிவேடு. திகதியோடு எழுதி வைத்துவிட்டு மேலே போகலாம்.

சோன் முன்னே, லைப்ரரி பின்னே என்றால், பேக்அப் மீட்பு நடந்ததா என்று முதலில் தேடுங்கள். அந்த நாளைச் சேர்ந்த சோனின் பேக்அப் கிடைத்தால் அதை மீட்பதே சுத்தமான வழி. கிடைக்காவிட்டால், முரண்படும் பிடிஎஃப்களை ரீடூ தெரிவோடு திரும்ப அப்ளை செய்யலாம். அந்தத் தெரிவு இல்லாமல் அப்ளை கொடுத்தால் "ஏற்கெனவே போட்டாயிற்று" என்று எஸ்எம்பி/ஈ தாண்டிப் போய்விடும்.

லைப்ரரியில் பதிவேட்டுக்குத் தெரியாத மாற்றம் இருந்தால், அது ஏன் செய்யப்பட்டது என்று கண்டுபிடித்த பிறகே தொடுங்கள். இன்னும் தேவை என்றால் அதை யூசர்மொட்டாக (நிறுவனம் தானே எழுதும் திருத்தம்) எழுதி எஸ்எம்பி/ஈ வழியாகவே போட வேண்டும். அப்போதுதான் அடுத்த பிடிஎஃப் அதே மொடியூலை மாற்ற வரும்போது கருவி எச்சரிக்கும். எச்சரிக்கை வந்தவுடன் பைபாஸ் ஐடி கொடுத்து அடக்குவது, அந்தத் திருத்தத்தைத் தெரிந்தே அழிப்பதற்குச் சமம்.

எந்தச் சோனும் பொருந்தவில்லை என்றால், யூக்ளின் கட்டளையால் பதிவேட்டைக் கையால் திருத்தி "பொருந்த வைக்க" வேண்டாம். யூக்ளின் பதிவை மட்டுமே மாற்றும். லைப்ரரியில் ஒரு பைட்டும் மாறாது. அப்படித் திருத்திய சோனிலிருந்து எடுக்கும் எந்த அறிக்கையையும் நம்ப முடியாது. பதிவேடும் லைப்ரரியும் சேர்ந்தே வரும் புதிய தொகுதியொன்றை நிறுவி, அதற்கு மாறுவது நீண்ட வேலை. ஆனால் நேர்மையான வழி அதுவே.

இதில் கணக்காய்வுக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. பிழையான பிடிஎஃப்களைச் சொல்லும் ரிப்போர்ட் எர்சிஸ்மொட்ஸ், விடுபட்டவற்றைச் சொல்லும் ரிப்போர்ட் மிஸ்ஸிங்ஃபிக்ஸ் இரண்டும் சோனைத்தான் படிக்கின்றன. லைப்ரரியைத் திறந்து பார்ப்பதில்லை. சோன் தவறென்றால் "எதுவும் விடுபடவில்லை" என்ற அறிக்கை வேறொரு டிஸ்க்கைப் பற்றிய அறிக்கை.

பேட்ச் போடும் நாளில்

1. ஓடாத டிஸ்க் தொகுதியிலேயே போடுங்கள். ஓடும் சிஸ்ரெஸ்ஸை டிஎஸ்எஸ் மூலம் கொப்பி எடுத்து, அதே வேளையில், இடையில் எந்த அப்ளையும் நடக்காமல், ஸோன்கொப்பி செய்யுங்கள்.
2. ஸோன்எடிட் கொண்டு டிடிடெஃப்களின் வொல்யூம்களை மாற்றுங்கள். மாற்றிய பின் லிஸ்ட் டிடிடெஃப் எடுத்து, பழைய வொல்யூம் பெயர் ஓரிடத்திலும் மிஞ்சவில்லை, வெறுமையான வொல்யூமும் இல்லை என்று தேடிப் பாருங்கள்.
3. புதிய ஹோல்ட்டேட்டாவை (பிழையான பிடிஎஃப்கள், தனிக் கவனம் தேவைப்படுபவை பற்றிய ஐபிஎம் குறிப்பு) ரிசீவ் செய்த பின், ஒத்திகையான அப்ளை செக். அதன் வெளியீட்டை முழுவதும் படிக்காமல் உண்மையான அப்ளைக்குப் போக வேண்டாம்.
4. டிஸ்க் தொகுதியையும் சிஎஸ்ஐயையும் ஒன்றாகவே பேக்அப் எடுங்கள். டார்கெட் சோனின் சிஎஸ்ஐயை அது விவரிக்கும் டிஸ்க் தொகுதியிலேயே வைத்தால் இரண்டும் பிரிய வாய்ப்புக் குறைவு.
5. ஐபிஎல் வரை அக்செப்ட் செய்ய, அதாவது பேட்ச்சை டிலிப் மூலப் பிரதிகளிலும் சேர்க்க, வேண்டாம். அக்செப்ட் செய்த பிடிஎஃப்பை ரிஸ்டோர் மூலம் பின்வாங்க முடியாது.
6. புதிய தொகுதியிலிருந்து சிஎல்பிஏயோடு ஐபிஎல். சிஸ்டம் வந்தவுடன் டிஸ்பிளே ஐபிஎல்இன்ஃபோவில் தொடங்கி, இந்தத் தடவை போட்ட பிடிஎஃப்களில் இரண்டு மூன்றின் மொடியூல்களை நினைவகத்தில் பாருங்கள். கணக்காய்வாளருக்குப் போகும் பதிலில் எழுத வேண்டிய திகதி, அப்ளை நடந்த நாளல்ல. இந்த ஐபிஎல் நடந்த நாள்.